ஒரு ரூபாய் டிக்கெட், ஏர் டெக்கான்: படம் முடிந்த பிறகு நடந்த கதை

கேள்வி: 2021 ஜனவரி 9

சூரரைப் போற்று இரண்டாம் தடவை பார்த்தேன். படத்தில் நாயகன் மலிவு விலை விமானக் கம்பெனி ஆரம்பித்து ஜெயித்துவிடுகிறார். ஆனால் அந்தக் கதைக்கு மூலமான நிஜக் கம்பெனி ஏர் டெக்கான் ஐந்து வருஷம்கூடத் தாங்கவில்லையாமே? ஒரு ரூபாய்க்கு டிக்கெட் விற்றால் எந்தக் கம்பெனி உருப்படும்? ஊரை ஏமாற்றும் வேலைதானே அது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

2021 ஜனவரி 9, இரவு 11.10

ஏமாற்று வேலை இல்லை. 2004-லிருந்து 2009 வரை மதுரை டவுன்ஹால் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். நெட்டுக்கு மணிக்கு 20 ரூபாய், ஜெராக்ஸ் 1 ரூபாய், நடுநடுவே விமான டிக்கெட். அந்த ஒரு ரூபாய் டிக்கெட்டை இந்தக் கையால் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "ஜெராக்ஸும் 1 ரூபாய், பிளேனும் 1 ரூபாய்" என்று கடைப்பையன் அட்டையில் எழுதித் தொங்கவிட்டான். அதை நான்தான் கழற்றச் சொன்னேன். பிளேனை நம்பாதவன் ஜெராக்ஸையும் சந்தேகப்படுவான் என்று பயம்.

ஒரு ரூபாய் என்பது அடிப்படைக் கட்டணம். அதற்கு மேல் பயணிகள் சேவைக் கட்டணம் என்று 200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். அதையும் சேர்த்தாலும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் செகண்ட் ஸ்லீப்பர் காசுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஆனால் ஒரு விமானத்தில் அப்படி எத்தனை சீட் இருக்கும்? சில சீட்தான். முதலில் பார்த்தவனுக்கு 1 ரூபாய், அடுத்தவனுக்கு ஐந்நூறு, ஆயிரம், கடைசி நிமிஷத்தில் ஓடி வருகிறவனுக்கு மற்றக் கம்பெனி விலைக்குப் பக்கத்தில். பக்கத்து சீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் கொடுத்த காசைப் பேசிக்கொண்டால் சண்டை வரும். இன்றைக்கு எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் விற்கிறது. அன்றைக்கு அது புதுசு.

முடிவைப் பற்றிச் சுருக்கமாக: 2003-ல் ஆரம்பித்தார்கள், முதல் விமானம் பெங்களூரிலிருந்து மங்களூருக்கு. 2007-ல் கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி முதலாளி விஜய் மல்லையா மொத்தமாக வாங்கிவிட்டார். 2008-ல் பெயரும் போனது.

2021 ஜனவரி 10, காலை 7.30

ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் இரண்டு தப்பு. முதல் விமானம் மங்களூருக்கு இல்லை, ஹூப்ளிக்கு. 2003 ஆகஸ்ட் 23. மல்லையா மொத்தமாக வாங்கினார் என்பதும் சரியில்லை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. டீ குடித்துவிட்டு வருகிறேன்.

2021 ஜனவரி 10, காலை 9.15

டீ குடித்தாயிற்று. மல்லையாவுக்கு முன்னால், ஏர் டெக்கானை ஆரம்பித்த ஆளைப் பற்றி.

படத்தில் சோழவந்தான்காரர், விமானப்படை. நிஜத்தில் கேப்டன் கோபிநாத் கர்நாடகத்துக்காரர், ஹாசன் மாவட்டம் கொரூர், தரைப்படை. 1971 போரில் இருந்தவர். இருபதுகளின் கடைசியில் ராணுவத்தை விட்டு வந்து விவசாயம், பட்டுப்புழு வளர்ப்பு (அதற்கு 1996-ல் ரோலெக்ஸ் விருது), புல்லட் டீலர்ஷிப், ஹாசனில் ஓட்டல், ஒரு தடவை சட்டமன்றத் தேர்தலில் நின்று தோல்வி. 1997-ல் நண்பர் கேப்டன் சாமுவேலோடு சேர்ந்து ஹெலிகாப்டர் வாடகைக் கம்பெனி, பெயர் டெக்கான் ஏவியேஷன். அதன் வயிற்றில் பிறந்ததுதான் ஏர் டெக்கான்.

எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான்: ஒரு தொழிலில் உட்கார்ந்து வேர்விட்டவர் இல்லை. பயமும் அதேதான். ஆரம்பிப்பதில் அவருக்கு இருந்த ருசி, நடத்துவதில் இருந்ததா என்று சந்தேகம். இது என் அபிப்பிராயம், அடிக்க வராதீர்கள்.

2021 ஜனவரி 10, காலை 9.40

நிஜத்தில் நடந்த ஒன்று. ஆரம்பித்து ஒரே மாதம். 2003 செப்டம்பர் 24, ஹைதராபாத்–விஜயவாடா தொடக்க விமானம். உள்ளே வெங்கையா நாயுடு, விமானத்துறை மந்திரி ராஜீவ் பிரதாப் ரூடி, பத்திரிகைக்காரர்கள். புறப்படும்போது இன்ஜினில் தீ. எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள்.

நினைத்துப் பாருங்கள். புதுக் கடை, திறப்பு விழா, லைசென்ஸ் கொடுக்கும் துறையின் மந்திரியே முதல் வாடிக்கையாளர், அடுப்பு பற்றிக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் ஷட்டரை இறக்கியிருப்பார்கள். இவர்கள் ஓட்டினார்கள்.

2021 ஜனவரி 14, மதியம்

பொங்கல் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அத்தையும் வீட்டில் இருக்கிறது. நான் இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றதும் "என் கதையை எழுதுனியா?" என்று கேட்டது. எழுதிவிடுகிறேன்.

2005. அத்தைக்கு அப்போது 58 வயது, மாமா போய் இரண்டு வருஷம். சென்னையில் மகள் பிரசவம். பாண்டியனில் இடம் இல்லை. ஒரு ரூபாய் இல்லை, எழுநூறு சொச்சத்துக்கு டெக்கானில் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் ஒரே கூச்சல், இந்த வயதில் தனியாக ஆகாசத்திலா என்று. அத்தை மட்டும் அசையவில்லை. "விழுந்தா சீக்கிரம் மாமாகிட்ட போய்ச் சேருவேன், விழலேன்னா பேரப்பிள்ளையைப் பாப்பேன். ரெண்டுமே நல்லதுதானடா."

அப்போது மதுரையில் பழைய டெர்மினல், ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குத்தான் இருக்கும். கடைசியில் நானும் துணைக்கு அதே விமானத்தில் சென்னைக்கு. அத்தை கையில் பித்தளைச் சொம்பு நிறைய எலுமிச்சைச் சாதம், சொம்பின் வாயில் வாழையிலை கட்டி. எக்ஸ்ரே பெட்டியில் அது பெரிய கறுப்பு உருண்டையாகத் தெரிந்தது. பாதுகாப்புச் சோதனை செய்யும் சி.ஐ.எஸ்.எஃப். காரர் வடநாட்டுப் பையன், திறக்கச் சொன்னார். திறந்ததும் தாளிப்பு வாசம் வரிசை முழுக்க. அத்தை ஒரு கை அள்ளி நீட்டியது. அவர் சிரித்துக்கொண்டே கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

டெக்கானில் சீட் நம்பர் கிடையாது, முதலில் போகிறவருக்கு முதல் இடம். ஏ.டி.ஆர். என்ற அந்தச் சின்ன விசிறி விமானத்தில் ஏறும் கதவு பின்னால், வாலுக்குப் பக்கத்தில். படியேறி முன்னே போகும் கூட்டத்துக்கு நடுவில் அத்தை தோளில் இருந்த துண்டை எடுத்து மூன்று தலைக்கு மேல் வீசியது. குறி தப்பவில்லை, ஜன்னல் சீட். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பழகிய கை. பணிப்பெண் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றாள். ஒரு பெரியவர் மட்டும், "சரிதாம்மா, துண்டு விழுந்துட்டா விழுந்ததுதான்" என்று அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

சாப்பாடு கிடையாது, தண்ணீர் பாட்டில்கூடக் காசுக்குத்தான். விமானம் ஏறி நிமிர்ந்ததும் அத்தை சொம்பைத் திறந்துவிட்டது. எங்கள் வரிசை, முன்வரிசை, எதிர்வரிசை என்று ஏழு பேருக்கு எலுமிச்சைச் சாதம். கம்பெனி விற்ற சாண்ட்விச்சை அன்றைக்கு யாரும் வாங்கியதாக நினைவில்லை. நஷ்டக் கணக்கில் எங்கள் பங்கும் உண்டு.

2021 ஜனவரி 17

"கதையெல்லாம் சரி, கணக்கைச் சொல்" என்று ஒரு நண்பர். நியாயம்.

முதலில் ஏன் அந்தச் சின்ன விமானம் என்று புரிய வேண்டும். வாடகைக்கு எடுத்த ஏ.டி.ஆர். 42, 48 சீட், விசிறி வைத்த இன்ஜின். பழசு என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் நம் நாட்டில் விமான எரிபொருளுக்கு மாநில அரசுகள் விற்பனை வரி போடும். ஜெட் விமானத்தில் ஊற்றினால் 20, 25 சதவீதம், தமிழ்நாட்டில் பல வருஷம் 29. அதே எண்ணெயைச் சின்ன விசிறி விமானத்தில் ஊற்றினால் அன்றைக்கு 4 சதவீதம்தான். 80 சீட்டுக்குக் குறைவான விமானம் என்றால் இறங்கும் கட்டணமும் கிடையாது. 2004 ஜனவரியில் டிக்கெட் மேல் இருந்த 15 சதவீதப் பயண வரியையும் மத்திய அரசு எடுத்துவிட்டது. மூன்றும் சேர்ந்தால், ஹூப்ளிக்கும் விஜயவாடாவுக்கும் மதுரைக்கும் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம் இல்லை, நல்ல கணக்கு.

ஒரு ரூபாய் சீட்டின் கணக்கு இப்படி. பேச்சுக்கு, 48-ல் 36 சீட் போகும், 12 காலி என்று வையுங்கள். காலி சீட்டைத் தூக்கிக்கொண்டு பறந்தாலும் பைலட் சம்பளம் அதேதான், எண்ணெயும் ஏறக்குறைய அதேதான். அந்த 12-ல் நாலு பேரை ஒரு ரூபாய்க்கு ஏற்றினால் இழப்பு ஒன்றும் இல்லை. அவர்கள் தண்ணீர் வாங்குவார்கள், ஊரில் போய்ப் பெருமை பேசுவார்கள். கோயில் வாசலில் கடைசி நேரத்துப் பூவை உதிரியாக அள்ளிக் கொடுப்பதில்லையா, அதுபோல. வித்தியாசம் ஒன்றுதான்: பூக்காரம்மா கடைசியில் கொடுப்பாள், இவர்கள் முதலிலேயே கொடுத்தார்கள். அங்கேதான் எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது.

விற்கும் செலவையும் சுருக்கினார்கள். நெட்டிலும் போனிலும் விற்றார்கள், பெட்ரோல் பங்கில்கூட டிக்கெட் கிடைத்தது. விளம்பரத்துக்கு ஆர்.கே. லக்ஷ்மணின் கார்ட்டூன் சாமானியன், கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக. சினிமா நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தை அந்தக் கிழவனார் மிச்சப்படுத்திக் கொடுத்தார்.

2021 ஜனவரி 18

உறுத்தியதை யோசித்துப் பார்த்தேன். முதலில் கேள்வி கேட்டவரிடம் பாதி நியாயம் இருக்கிறது. ஒரு ரூபாய் கம்பெனியைக் கொல்லவில்லை. ஆனால் அந்த விலை ஜனங்களின் மனதில் உட்கார்ந்துவிட்டது. என் கடைக்கு வருகிறவர்கள் 900 ரூபாய் என்றால் முகம் சுளிப்பார்கள். "ஒரு ரூபாய் வரும்போது சொல்லுங்க, மெதுவா போய்க்கிறோம்." அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் கடைசியில் பாண்டியனில்தான் போனார்கள்.

2021 ஜனவரி 18, இரவு

கம்பெனி தடம் மாறியது எங்கே என்று என்னைக் கேட்டால், ஏர்பஸ். 2004-லேயே ஏர்பஸ் ஏ320 என்ற பெரிய ஜெட் விமானத்தை எடுத்துப் பெரிய ஊர்களுக்கு இடையே ஓட்ட ஆரம்பித்தார்கள். 2005-ல் 30 புது ஏ.டி.ஆருக்கும் ஆர்டர், அது போக மேலும் ஏர்பஸ். ஜெட் என்றதும் 4 சதவீத வரி போச்சு, இலவச இறக்கம் போச்சு. டெல்லி, மும்பை தடத்தில் ஏற்கெனவே பெரிய ஆட்கள். 2005 மேயில் ஸ்பைஸ்ஜெட்டும் கிங்ஃபிஷரும், நவம்பரில் கோஏர், 2006 ஆகஸ்டில் இண்டிகோ. எல்லாரும் ஒரே பைலட்டுக்கும் ஒரே இன்ஜினியருக்கும் அடித்துக்கொண்டார்கள். பைலட் இந்த வாரம் இங்கே, அடுத்த வாரம் இரட்டைச் சம்பளத்தில் அங்கே. 2003-ல் பீப்பாய் 30 டாலர் பக்கம் இருந்த கச்சா எண்ணெய் 2006-ல் 70-ஐத் தாண்டியது.

நாலு வருஷத்தில் நாற்பதுக்கும் மேல் விமானம், அறுபதுக்கும் மேல் ஊர். விமானத்தைக் கடனுக்கோ குத்தகைக்கோ மாசத்துக்கு ஒன்று இறக்கலாம். அதை ஓட்டும் ஆளை, பழுது பார்க்கும் ஆளை, இரவில் நிறுத்த இடத்தை மாசத்துக்கு ஒன்று இறக்க முடியாது. தாமதம், ரத்து என்று பத்திரிகைகள் கிழித்தன. ஆனால் அந்த வருஷங்களில் தாமதம் எல்லார் வீட்டுச் சொத்தும்தான். என்னையே 2006 டிசம்பரில் ஒரு கம்பெனி சென்னையில் ஒன்பது மணி நேரம் உட்கார வைத்தது. பெயர் வேண்டாம், இந்த இழையின் நாயகன் இல்லை. ஒன்பதாவது மணி நேரத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள், அதில் ஆறு பிஸ்கட். நாலு பேர் குடும்பம்.

2021 ஜனவரி 24

பங்கு வெளியீட்டை விட்டுவிட்டேன் என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். 2006 மே. சந்தை தலைகீழாக விழுந்துகொண்டிருந்த அதே வாரம். விண்ணப்பம் போதாமல் கடைசித் தேதியைத் தள்ளினார்கள், விலை வரம்பின் அடிமட்டத்தையும் இறக்கினார்கள். கடைசியில் 148 ரூபாய்க்கு ஒதுக்கீடு. ஜூனில் பட்டியலிட்ட முதல் நாளே அந்த விலைக்கு ரொம்பக் கீழே முடிந்தது. நான் வாங்கவில்லை. புத்திசாலித்தனம் என்று நினைக்காதீர்கள், அந்த மாசம் கடைக்கு யு.பி.எஸ். பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது.

2021 பிப்ரவரி 2

இப்போது மல்லையா.

2007 ஒரே கல்யாண சீசன். ஏப்ரலில் ஏர் சஹாராவை ஜெட் ஏர்வேஸ் 1,450 கோடிக்கு வாங்கியது. ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் அரசு சேர்த்துவைத்தது. மே 31-ல் மல்லையாவின் யு.பி. குழுமம் டெக்கானில் 26 சதவீதம் வாங்கியது, பங்கு 155 ரூபாய், சுமார் 550 கோடி. பிறகு பொதுமக்களிடமிருந்து ஓபன் ஆஃபரில் வாங்கி 46 சதவீதம் ஆக்கினார்கள். ஆகவே நான் முதலில் எழுதிய "மொத்தமாக வாங்கினார்" என்பது தப்பு. பாதிகூட இல்லை, ஆனால் சாவி கைக்கு வந்துவிட்டது.

நஷ்டத்தில் ஓடும் மலிவு விலைக் கம்பெனி. அதை வைன் கிளாஸும் சிவப்புப் பாவாடையுமாக இருந்த கிங்ஃபிஷர் ஏன் வாங்க வேண்டும்? விமானத்துக்காகவா? விமானம் பாதிக்கு மேல் குத்தகை. ஊர்களுக்காகவா? ஹூப்ளியில் யார் ஷாம்பெயின் கேட்டார்கள்?

விடை ஒரு விதிமுறை. 2004 டிசம்பரில் அரசு போட்டது: உள்நாட்டில் ஐந்து வருஷம் ஓட்டியிருக்க வேண்டும், 20 விமானம் இருக்க வேண்டும், அப்போதுதான் வெளிநாட்டுக்குப் பறக்கலாம். கிங்ஃபிஷர் பிறந்தது 2005 மே. அவர்கள் 2010 வரை காத்திருக்க வேண்டும். டெக்கான் பிறந்தது 2003 ஆகஸ்ட். 2008 ஆகஸ்டில் ஐந்து நிறைகிறது.

சேர்த்த விதத்தைப் பாருங்கள். கிங்ஃபிஷருக்குள் டெக்கானை இணைக்கவில்லை. டெக்கான் ஏவியேஷன் என்ற கம்பெனிக்குள் கிங்ஃபிஷர் விமானத் தொழிலைக் கொண்டுவந்து வைத்து, பிறகு அந்தக் கம்பெனிக்கே கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். ஹெலிகாப்டர் தொழில் மட்டும் தனியாகப் பிரிந்து கோபிநாத் பக்கம் போனது. 2008 செப்டம்பர் 3, கிங்ஃபிஷரின் முதல் வெளிநாட்டு விமானம், பெங்களூர்–லண்டன். ஐந்து வயது நிறைந்து பதினோரு நாள்.

அதாவது விற்பனையானது விமானம் இல்லை, டிக்கெட் இல்லை, சாமானியன் படம் இல்லை. பிறந்த தேதி. ஜாதகத்தை விற்றார்கள்.

2021 பிப்ரவரி 2, இன்னும் கொஞ்சம்

இதில் இன்னொரு கோணம் உண்டு, நினைத்தால் சிரிப்பா எரிச்சலா தெரியவில்லை. 2012 அக்டோபரில் உரிமம் முடக்கப்பட்டு, வங்கிக் கடனோடு படுத்த அந்தக் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் லிமிடெட் சட்டப்படி யார்? ஹெலிகாப்டர் ஓட்டப் பதிவு செய்த அதே பழைய டெக்கான் ஏவியேஷன், பெயர் மாற்றத்தோடு. முதல் கேள்வியில் "ஐந்து வருஷம்கூடத் தாங்கவில்லை" என்று இருக்கிறது. பெயர்ப்பலகை தாங்கவில்லை, உண்மை. கம்பெனி தாங்கியது. தாங்கியிருக்க வேண்டாமோ என்றுகூடத் தோன்றுகிறது.

2021 பிப்ரவரி 3

"அப்படியென்றால் கோபிநாத் ஏமாந்தாரா, ஏமாற்றினாரா?" இரண்டும் இல்லை என்பேன். கையில் காசு தீர்ந்துகொண்டிருந்தது, ஒருவர் பங்குச்சந்தை வெளியீட்டு விலையைவிட அதிகமாகக் கொடுக்கிறார். நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். நான் 2009-ல் கடையை விற்றேன், ஒருவர் வந்து அட்வான்ஸை மேசையில் வைத்தார், நான் யோசித்த நேரம் ஒரு காபி குடிக்கும் நேரம்.

பலகை மாறியதைக் கடையிலிருந்து பார்த்தேன். முதலில் சிம்ப்ளிஃப்ளை டெக்கான் என்று சிவப்பு அடித்தார்கள், கிங்ஃபிஷரின் சின்னமான மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. 2008 ஆகஸ்டில் கிங்ஃபிஷர் ரெட். சாமானியன் எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. 2011-ல் ரெட்டையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஒரு வாடிக்கையாளர், ஜவுளிக்கடைக்காரர், சொன்னது: "பேர் மாறுன அன்னைக்கே வெலையும் மாறிடும் தம்பி. கடையில நாங்க பண்றதுதான்."

2021 பிப்ரவரி 21

கொஞ்சம் வழி விலகுகிறேன். ஆன்லைன் டிக்கெட்டில் எனக்கு இருந்த பெரிய தலைவலி விலை இல்லை, பெயர்.

படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். இரண்டாவதைக் காலியாக விட்டால் மேலே போகாது. நம் ஆளுக்கு ஏது குடும்பப் பெயர்? சு. முருகன். வாக்காளர் அட்டையில் முருகன், தந்தை பெயர் சுப்பையா. நான் ஒருத்தருக்கு முருகன் சுப்பையா என்று போடுவேன், இன்னொருத்தருக்கு முருகன் முருகன். கட்டத்துக்கு ஒரு எழுத்து போதும் என்று தெரிந்த பிறகு முருகன் எஸ். 2005-ல் ஒரு நாள் அவசரத்தில் அப்பா பெயரை முதல் கட்டத்தில் போட்டுவிட்டேன். விமான நிலைய வாசலில் நிறுத்திவிட்டார்கள், டிக்கெட்டில் இருப்பது சுப்பையா, வந்திருப்பது முருகன். மனுஷர் எனக்கு எஸ்.டி.டி.யில் போன் போட்டு, "எங்கப்பா செத்து பதினோரு வருஷம் ஆச்சு, அவருக்கு எதுக்குய்யா டிக்கெட் போட்ட?" என்றார். முழுக்க என் தப்பு. வாசலில் இருந்தவர் அட்டையைப் பார்த்து, அப்பா பெயரும் இருக்கிறதே என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டார்.

இன்னொன்று கார்டு. மதுரையில் அப்போது கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்களை எண்ணிவிடலாம். என் ஒரே கார்டில்தான் ஊரே பறந்தது. மாசக் கடைசியில் வங்கியிலிருந்து கூப்பிட்டு, "சார், நீங்க ஒரே நாள்ல மூணு ஊருக்குப் போயிருக்கீங்க" என்றார்கள்.

2021 மார்ச் 11

இன்றைய தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. 2006 மார்ச் 11, கோயம்புத்தூரிலிருந்து பெங்களூர் போன டெக்கான் ஏ.டி.ஆர். 72, பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தில் பலமாக மோதி இறங்கியது. பயணிகள் 40 பேர், ஊழியர்கள் 4 பேர், உயிருக்கு ஒன்றும் இல்லை. விமானம் திரும்பப் பறக்கும் நிலையில் இல்லை. மறுநாள் கடைக்கு வந்த மூன்று பேர், ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தவர்கள், பாண்டியனுக்கு மாறினார்கள். அத்தை மட்டும் ஏப்ரலுக்கு டிக்கெட் கேட்டது. பேரனுக்கு முதல் பிறந்தநாள்.

ஏ.டி.ஆரைப் பற்றி ஒரு சின்ன விஷயம், தெரியாதவர்களுக்கு. தரையில் நிற்கும்போது கேபினுக்குக் கரண்டும் ஏ.சி.யும் கொடுக்கப் பெரிய விமானத்தின் வாலில் தனிக் குட்டி இன்ஜின் இருக்கும். ஏ.டி.ஆரில் அது கிடையாது. அதனால் வலது பக்க இன்ஜினை ஓடவிட்டு, விசிறியை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்து வைப்பார்கள். இன்ஜின் இரைகிறது, விசிறி அசையவில்லை. ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் சுத்தலியேடா, சொல்லட்டுமா?" என்று அத்தை எழுந்தது. நான் உட்காரவைத்தேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கும் காரணம் தெரியாது.

2021 மார்ச் 12

ஜனவரி 18 அன்று ஏர்பஸ்தான் தப்பு என்று அடித்துச் சொன்னேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. 48 சீட்டில் சீட்டுக்கு ஆகும் செலவை ஓரளவுக்கு மேல் இறக்க முடியாது. போட்டிக்காரன் 180 சீட்டோடு பக்கத்து ஊருக்கு வந்துவிட்டால் விசிறி தோற்கும். அதே சமயம் இண்டிகோ ஜெட்டிலேயே பத்து வருஷம் ஓட்டி, காலை ஊன்றிக்கொண்டு, 2017 கடைசியில்தான் ஏ.டி.ஆரைத் தொட்டது. தூத்துக்குடிக்கு இன்று அதில்தான் போகிறோம். ஆக, எந்த விமானம் என்பதைவிட எந்த வேகம் என்பதுதான் கேள்வியோ? ஏர்பஸ்ஸை ஐந்து வருஷம் கழித்து எடுத்திருந்தால்? ஆனால் ஐந்து வருஷம் கழித்து அந்த இடத்தில் இண்டிகோ உட்கார்ந்திருக்கும். போங்கள், தலை சுற்றுகிறது.

2021 மார்ச் 12, சற்றுப் பிறகு

"அவர் பிறகு என்ன செய்தார்?" என்று கேட்டவருக்கு: 2009-ல் டெக்கான் 360 என்று சரக்கு விமானக் கம்பெனி, நாக்பூரை மையமாக வைத்து. 2011-ல் நின்றது. அதே 2009-ல் பெங்களூர் தெற்கில் சுயேச்சையாக நின்று தோல்வி. 2017 டிசம்பரில் ஏர் டெக்கான் என்ற பெயரிலேயே மறுபடியும், சின்ன ஊர்களுக்கு மலிவு விமானம் விட அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தில், 19 சீட் விமானம். நம் டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர்களே அதைவிட அதிகம். கொரோனா வந்தது, 2020 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். நான் சொன்னேனே, ஆரம்பிப்பதில் ருசி.

அதை எழுதிவிட்டு அழிக்கலாமா என்று பார்த்தேன். கொஞ்சம் மட்டம் தட்டுவதுபோல இருக்கிறது. அறுபத்தாறு வயதில் மூன்றாம் முறையாக விமானக் கம்பெனி ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இருக்குமா? நான் ஒரு ஜெராக்ஸ் கடையை மறுபடி திறக்கவில்லை.

2023 மே 5

இரண்டு வருஷம் கழித்து இங்கே வருகிறேன். கோ ஃபர்ஸ்ட் திவால் மனு போட்டுவிட்டது, மூன்று நாளாக விமானம் இல்லை. பிராட் அண்ட் விட்னி இன்ஜின் வராததுதான் காரணம் என்கிறார்கள். 2005-ல் டெக்கானோடு மோத வந்த கோஏர்தான் அது. அன்றைய வரிசையில் பழைய முகமாக நிற்பது ஸ்பைஸ்ஜெட்டும் இண்டிகோவும் மட்டும்.

அந்த ஐந்து வருஷ, 20 விமான விதி என்ன ஆனது என்று யாரோ முன்பு கேட்டிருந்தார்கள், பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2016-ல் வருஷக் கணக்கை எடுத்துவிட்டார்கள். இன்று புதிதாகப் பிறக்கும் கம்பெனியும் 20 விமானம் சேர்ந்தவுடன் வெளிநாட்டுக்குப் போகலாம். பிறந்த தேதிக்கு இப்போது விலை இல்லை.

2023 மே 6

திருத்தம். இழை மேலே வந்ததும் அத்தையின் பேரன், அந்த 2005 பிரசவத்துக் குழந்தைதான், இப்போது காலேஜில் படிக்கிறான், முழுவதையும் அத்தைக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். காலையிலேயே போன். அது பித்தளைச் சொம்பு இல்லையாம், எவர்சில்வர் தூக்குவாளி. சாதம் எலுமிச்சை இல்லை, புளியோதரை, "எலுமிச்சைச் சாதம் மத்தியானத்துக்குள்ள கசந்துரும், அது தெரியாதாடா உனக்கு?" ஏழு பேருக்கு இல்லை, ஒன்பது பேருக்கு. துண்டு மட்டும் சரியாம்.